படியிலை ஆள் இருக்கு

லான் அக்காவிடம் ஒன்றைக் கேட்டால் ஓம் என்றோ இல்லை என்றோ விடை வராது. ஓர் ஆள் வரும். அந்த ஆளோடு கதைக்க இன்னோர் ஆள் வரும். இரண்டு ஆட்களும் கதைத்து முடிக்கும் வரை பொறுத்திருந்தால், கடைசியாக வாய் திறக்கும் ஆளின் வாயில் நாம் கேட்டதற்கு விடை இருக்கும். பொறுத்திருக்க நேரமில்லாதவர்களிடம் அவர் ‘வுய்’ என்று பிரெஞ்சில் ஓம் சொல்லிவிடுவார். அந்த ‘வுய்’க்கு ஓம் என்று பொருள் இல்லை. உமக்கு நேரமில்லை, பரவாயில்லை என்றுதான் பொருள்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு பஸ்ஸில். கியூபெக்கில் நாங்கள் இருந்த நகரத்தின் வில்லரே பகுதியில் வயதானவர்களுக்கென்று நடந்த பிரெஞ்சு வகுப்புக்கு நாங்கள் இருவரும் போய்வந்துகொண்டிருந்தோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு ஒரே கட்டடம். இரண்டாம் மாடியில் மகன் திருமாறன், மருமகள் றஜனியோடு நானும் என் கணவர் ஞானசுந்தரமும். மூன்றாம் மாடியில் லான் அக்கா தனியாக. முழுப்பெயர் யூக் லான். சீனாவின் தெற்கில் கடலோரத்து ஊர். அவருடைய கணவர் டவுன்டவுனில் ஒரு சீன உணவகக் குசினியில் நின்று நின்றே காலம் போக்கிச் செத்துப்போனவர். ஒரே மகள் சில்வி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

அன்றைக்கு வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார், குளிர்காலம் உங்களுக்குப் பிடிக்குமா என்று. முன்னால் இருந்தவர்கள் ஓம், இல்லை என்று சொல்லி முடித்தார்கள். லான் அக்கா எழுந்து நின்று, ஓர் ஆள் இருக்கிறது என்று தொடங்கினார். ஆசிரியை சிரித்துக்கொண்டே, ஓமா இல்லையா மதாம் என்றார். ‘வுய்’ என்றுவிட்டு அவர் இருந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன், அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று.

“ஒரு ஆள் இருக்கு,” என்று முதலிலிருந்து தொடங்கினார். “கனடாவுக்குப் புதுசா வந்த ஆள். ஊரிலையிருந்து பெண்சாதி டெலிபோன் எடுக்குது. அங்கை குளிரோ எண்டு கேக்குது. ஆள் சொல்லுது, குளிரில்லை. பெண்சாதி கேக்குது, கோட்டு வாங்கியாச்சோ? ஆள் சொல்லுது, வாங்கியாச்சு. பெண்சாதி கேக்குது, என்ன நிறம்?”

அதோடு நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நான் ‘ம்’ போட்டேன். கதை கேட்கிறவர் ம் போடாவிட்டால் சொல்கிறவருக்கு வாய் ஓடாது என்ற பழக்கத்தில் வந்த ம். அதற்கும் அசையவில்லை. “பேந்து?” என்றேன், பிறகு என்ன என்று, தமிழிலேயே.

“ஆளுக்கு நிறம் சொல்லத் தெரியேல்லை.”

பஸ் அதற்குள் இரண்டு தரிப்பிடம் தாண்டியிருக்கும். குளிர்காலம் அவருக்குப் பிடிக்காது என்பதும், அந்த ஆள் யார், நிறம் கேட்ட பெண்சாதி யார் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் இதைச் சொன்னது வகுப்பில் பொறுக்கிய பிரெஞ்சில். எனக்கு அது தமிழில்தான் கேட்கும். அதுவும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று கதைப்பது போலத்தான் கேட்கும். மரம் எப்படி நின்றது, வானம் எந்த நிறம் என்றெல்லாம் கதையில் வந்தால் எனக்கு மனதில் நிற்பதில்லை. யார் என்ன சொன்னது, அதற்கு மற்றவர் என்ன சொன்னது, அவ்வளவுதான் தங்கும். லான் அக்காவின் கதைகளில் அதைத் தவிர வேறொன்றும் இருக்காது.

ஒரே ஒரு சிக்கல். சீனத்தில் வாயால் சொல்லும்போது அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தானாம். அதனால் அவருடைய பிரெஞ்சில் உலகத்தில் எல்லோரும் ஆண்கள். ‘இல்’ என்றால் அவன்; கணவரும் ‘இல்’, மகளும் ‘இல்’, ராணி வந்தாலும் ‘இல்’தான். போன வருடம் நடந்ததும் இன்று காலை நடந்ததும் அவருக்கு ஒரே காலம். எனக்கோ தமிழில் ஒருவர் வாய் திறந்தார் என்று நினைக்கவே, அது ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா, மரியாதை கொடுக்கிறதா இல்லையா எல்லாம் தெரிய வேண்டும். இடையில் மறித்து மறித்துக் கேட்பேன்.

“ஆம்பிளையோ பொம்பிளையோ அக்கா?”

“ஆள்.”

“வயது போன ஆளோ?”

“உங்கடை பாஷையிலை வாய் திறக்க முதல் அடையாள அட்டை காட்டவேணும் போல,” என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு நான் மறிப்பதை விட்டேன். என் காதிலும் எல்லோரும் ‘ஆள் சொல்லுது’ ஆகிவிட்டார்கள்.

என்னை அவர் ‘ஆ மணி’ என்பார். கனகமணி என்பது அவர் வாய்க்கு நீளம். நெருங்கியவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஆ’ போடுவது அவர்கள் வழக்கம். படிக்கட்டில் அந்தக் கூப்பிடு கேட்டால், கொட்டாவி வருகுது, போய்க் கதவைத் திறவுங்கோ மாமி என்று றஜனி பகிடி பண்ணுவாள். பகலில் அந்தக் கட்டடத்தில் கதைத்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேரும்தான். கடைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் என் வாசல் படியில் நின்று, சாப்பிட்டாச்சோ என்று கேட்பார். அவர்கள் ஊரில் பொன்ஜூர் என்ற வணக்கத்துக்குப் பதில் அதுதானாம். எங்களுக்கும் ஏறக்குறைய அதுதானே என்றேன். என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட தமிழ் இரண்டே சொல். ஒன்று ‘ம்’. மற்றது ‘பேந்து’. அவர் வாயில் அது ‘பேங்து’ என்று வரும்.

என் கணவர் செத்துப்போன கிழமை வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லோரும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்றார்கள், நோகாமல் போனார் என்றார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு பகல், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, லான் அக்கா ஒரு சட்டியோடு இறங்கி வந்தார். இஞ்சி போட்ட கஞ்சி. மேசையில் வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்காமல், கதை தொடங்கினார்.

“ஒரு ஆள் இருக்கு. ஆளின்ரை மனுசன் செத்துப்போகுது. பக்கத்து வீட்டு ஆள் வந்து கேக்குது, சாப்பிட்டாச்சோ? ஆள் சொல்லுது, பசியில்லை. பக்கத்து வீட்டு ஆள் சொல்லுது, பசியோ எண்டு நான் கேக்கேல்லை, சாப்பிட்டாச்சோ எண்டுதான் கேட்டனான். ஆள் சொல்லுது, சாப்பிடேல்லை. பக்கத்து வீட்டு ஆள் சொல்லுது, அப்ப நான் இதிலை இருக்கிறன்.”

சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார். வெயில் மேசையிலிருந்து சுவருக்கு ஏறும் வரை இருந்தார். நான் அந்தக் கிழமையில் முதல்தரமாகச் சாப்பிட்டேன்.

இந்தப் பெப்ரவரியில் அவர் வெளிப்படியில் சறுக்கி விழுந்தார். இரவு பெய்த மழை விடியற்காலையில் இரும்புப் படியில் கண்ணாடி போல உறைந்திருந்தது. இடுப்பெலும்பு உடைந்தது. மருத்துவமனையில் ஒட்டவைத்தார்கள், நடக்கப் பழக்கினார்கள். மார்ச் மாதம் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் முடிவு வரை போய்வந்தார். ஆனால் மூன்று மாடி ஏறுவது இனி இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

சில்வியைப் பற்றிப் பிழையாக நினைக்கக்கூடாது. டவுன்டவுனில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் பெரிய வேலை. ஒவ்வொரு நாளும் வேலை முடிய மருத்துவமனைக்கு வந்தாள். தாயின் கால் நகம் வெட்டினாள், தலை சீவினாள். அவளுக்குச் சீனம், இங்கே பிறந்த எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் எவ்வளவோ அவ்வளவு. தாய் கதை தொடங்கினால், “சரி அம்மா, வேணுமா வேண்டாமா?” என்பாள். அவசரத்தால்தான். அவளுடைய வேலையில் ஆட்கள் அப்படித்தான் கதைப்பார்கள்.

அவள்தான் ஓடித்திரிந்து நகரத்தின் கிழக்கு முனையில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் தேடிப் பிடித்தாள். புதுக் கட்டடம், லிப்ட் உண்டு, பகல் இரவு தாதிமார் உண்டு. வேண்டாம் என்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அதே நேரம் இன்னொரு வழியும் வந்தது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் தியாகராசா வாடகை விஷயமாக வந்தபோது, கீழ்வீட்டுக் குடும்பம் ஜூலை முதலாம் திகதி வேறு வீட்டுக்குப் போகிறது என்றார். இந்த நகரத்தில் வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் மாறும் நாள் அது. படியே இல்லாத வீடு. லான் அக்காவுக்குத் தருவியளோ என்று கேட்டேன். அந்த மனுசி இருபது வருஷமாய் ஒரு மாசம் பிந்தினதில்லை, ஏன் தரமாட்டன் என்றார். ஜூலை வரைக்கும் ஏதாவது தற்காலிக இடத்தில் அவர் இருந்தால் போதும்.

மறுநாள் பாற்கஞ்சி ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு போய் அவரிடம் சொன்னேன். அவர் கஞ்சியைக் குடிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகளிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தாய்க்கு வேண்டியதை அயலவர் வந்து சொன்னால் மகளுக்கு முகம் இல்லாமல் போய்விடுமாம்.

“அப்ப நீங்களே நேர கேளுங்கோ அக்கா. கீழ்வீட்டுக்கு வாறன், அங்கை போகேல்லை எண்டு.”

“நேர கேட்டா பிள்ளை ஓம் எண்டுதான் சொல்லவேணும். பாவம். கதையாச் சொன்னா, விளங்கினா ஓம் எண்டலாம். ஏலாதெண்டா, நல்ல கதை அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம். ஒருத்தருக்கும் நோகாது. எங்கடை ஆக்கள் அப்பிடித்தான்.”

“என்ன கதை சொல்லப்போறியள்?”

கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

“ஒரு ஆள் இருக்கு. சௌ எண்டு பேர். என்ரை மனுசனோடை ஒரே குசினியிலை நிண்ட ஆள். பிள்ளையள் ஆளை ஒரு பெரிய வீட்டிலை விடுகினம். பிள்ளை வந்து கேக்குது, சாப்பாடு நல்லமோ? ஆள் சொல்லுது, நல்லம். பிள்ளை கேக்குது, அறை சூடோ? ஆள் சொல்லுது, சூடு. பிள்ளை கேக்குது, நேர்ஸ்மார் எப்பிடி? ஆள் சொல்லுது, தங்கம்.”

“ம்.”

“பிள்ளை வீட்டை போகுது. பிள்ளை போன பிறகு நேர்ஸ் கேக்குது, எல்லாம் நல்லமெண்டா ஏன் எந்த நேரமும் கோட்டை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறீர்?”

“பேந்து?”

“ஆள் சொல்லுது, என்ரை வீட்டிலை படி இருக்கு. ஏறினாக் கால் நோகும். ஆனா படியிலை ஆள் இருக்கு. சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிற ஆள்.”

நான் கஞ்சிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ இறுகிவிட்டது.

முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த கிழமை, அவருடைய கட்டிலைச் சுற்றியே நடந்தது. சமூகசேவை அலுவலர் ஒரு இளம் பெண், இனிமையானவர். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். மேசையில் வைத்த பெட்டியிலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது. சில்வி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. கஞ்சிப் போத்தலோடு ஜன்னலோரம் இருந்தேன்.

அந்த இல்லத்தைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறார் என்று அலுவலர் கேட்டார். லான் அக்கா என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடங்கினார். அவர் சீனத்தில் சொல்லச் சொல்லப் பெட்டி பிரெஞ்சில் சொன்னது. தெரிந்த ஒருவர், சமையல்காரர், பிள்ளைகள் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். சாப்பாடு நல்லதாம். அறை சூடாம். தாதிமார் தங்கமாம்.

சில்வியின் முகம் மாறியது. பெப்ரவரியிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்துவருகிறேன். ஒரு நாளும் அப்படி விரிந்ததில்லை. “அம்மாவுக்கு அப்பிடி ஒரு இடத்திலை தெரிஞ்ச ஆள் இருக்கு! எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை. அவர் சந்தோஷமா இருக்கிறாராம்,” என்று அலுவலரிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். நான் அவவைத் தள்ளிவிடுறன் எண்டு நினைச்சு எத்தினை நாள் நித்திரையில்லை தெரியுமோ என்றாள்.

லான் அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் பாதியில் நின்றது.

அம்மையார் அந்த அறிமுகக்காரரைப் பற்றித்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், தொடர்ந்து மொழிபெயர்க்க வேண்டுமா என்று பெட்டி கேட்டது. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கதை முடியேல்லை,” என்றேன் நான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அது மூன்றே சொல்: இஸ்துவார் பா ஃபினி.

நீங்கள் குடும்பத்தவரா மதாம் என்று அலுவலர் மெதுவாகக் கேட்டார். இல்லை, மாடிப்படியில் பக்கத்து வீடு என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சில்வியின் பக்கம் திரும்பினார். சில்வி தாயின் முன்னால் குனிந்து, அங்கே போக விருப்பமா அம்மா, ஓமா இல்லையா என்று கேட்டாள்.

லான் அக்கா மகளின் ஈரக் கன்னத்தைத் தொட்டார்.

“வுய்,” என்றார்.

தாழ்வாரத்தில் நான் சில்வியை நிறுத்தினேன். முகம் போனால் போகட்டும் என்று, கதையின் மிச்சத்தைச் சொன்னேன். மடியில் கோட்டு, படி, படியில் ஆள். கீழ்வீடு ஜூலையில் காலியாவதையும் சொன்னேன். என் பிரெஞ்சு வழுக்கி வழுக்கி வந்தது. அவள் இடையில் மறிக்கவில்லை. கேட்டு முடித்து, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அவ ஓம் எண்டு சொன்னவ, மதாம் மணி. உங்களுக்கு முன்னாலைதான் சொன்னவ.”

“பாதிக் கதையிலை சொன்ன ஓம் அது, பிள்ளை.”

“ஏன் பாதிக் கதை? ஏன் கதை? நான் அவவின்ரை மகள். வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ? சின்ன வயதிலையிருந்து எனக்கு ஆரோ ஒரு ஆள்தான். நான் பள்ளிக்கூடத்திலை முதலாவதா வந்தா ஆரோ ஒரு ஆள். என்ரை கலியாணம் முறிஞ்சு வந்து அழுதாலும் ஆரோ ஒரு ஆள். அந்த ஆக்கள் எனக்கு வேண்டாம். எனக்கு என்ரை அம்மா வேணும்.”

அவளுடைய கேள்வியும் நியாயம்தான். அந்த ஆட்கள்தான் உம்முடைய அம்மா என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவருகே நின்று பார்த்தேன். அலுவலர் இன்னும் அங்கேயே இருந்தார். சில்வி தாயிடம் தன் உடைந்த சீனத்தில் மறுபடி கேட்டாள். லான் அக்கா அவளுடைய புறங்கையைத் தட்டித் தட்டி, ஹோ, ஹோ என்றார். நல்லம், நல்லம் என்று பொருள். மூன்றாம் தரம் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

எல்லோரும் போன பிறகு நான் அவரோடு கோபித்தேன். கதையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். எனக்குத் தெரிய முதல்தரமாக லான் அக்கா தன் மனதில் கிடந்ததை ஆள் இல்லாமல் சொன்னார்.

“பிள்ளை சிரிச்சதைக் கண்டனீரோ, ஆ மணி? எவ்வளவு காலத்துக்குப் பிறகு.”

ஏப்ரலில் அவரைக் கிழக்கே கொண்டுபோனார்கள். பச்சை லைன் மெட்ரோவில் கடைசி வரை போய், அங்கிருந்து ஒரு பஸ். இல்லம் உண்மையாகவே நல்ல இடம். அறை சூடு. தாதிமார் தங்கம், ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு பெண் அவரைத் தன் தாயைப் போலத் துடைத்து உடுத்தினாள். அந்தத் தளத்தில் மற்றவர்கள் எல்லோரும் கியூபெக்காரர். அவர்கள் கதைக்கும் வேகத்துக்கு எங்கள் வகுப்புப் பிரெஞ்சு ஓடிப் பிடிக்காது. காலையில் ஒரு தாதி வந்து, சா வா, மதாம் யூக் என்று கேட்பார், எப்படிச் சுகம் என்று. சா வா, சுகம் என்பார் இவர். மத்தியானம் ஒருவர் சா வா என்பார். சா வா என்பார் இவர்.

நான் கிழமைக்கு ஒருதரம் போனேன். முதலில் சில நாள், பேந்து, பேந்து என்று தூண்டிப் பார்த்தேன். என்ன புதினம் அக்கா, என்ன சேதி என்றால், புதினமில்லை என்றார். யாரும் வந்தார்களா என்றால், இல்லை. சாப்பிட்டாச்சோ என்றால், ஓம். எல்லாவற்றுக்கும் உடனே விடை வந்தது. அவருடைய வாய்க்குள் இருந்த ஆட்கள் எல்லோரும் எங்கேயோ வீடு மாறிப் போய்விட்டார்கள். கோட்டு அலுமாரியில் இல்லை. மடியில் இருந்தது.

தியாகராசா அண்ணை மே முடியும் வரை கீழ்வீட்டை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஜூலை முதலாம் திகதி தெரு முழுவதும் சோபாவும் குளிர்சாதனப்பெட்டியும் மெத்தையும். கீழ்வீட்டுக்கு ஓர் இளம் சோடி வந்தது, கார்டெரி என்ற பகல் காப்பகத்துக்குப் போகிற ஒரு குழந்தையோடு. நல்ல பிள்ளைகள். என்னைக் கண்டால் பொன்ஜூர் சொல்கிறார்கள். மூன்றாம் மாடிக்கு வந்தவர்களை இன்னும் காணவில்லை. படியில் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது, வாசலில் நிற்பதில்லை.

அடுத்த கிழமை வெயில் கொளுத்தியது. நான் போனபோது சில்வி அறையில் நின்றாள். மத்தியான இடைவேளையில் வந்திருக்கிறாள். மேசையில் அவள் கொண்டுவந்த கஞ்சிப் போத்தல் திறந்து கிடந்தது. கஞ்சி குறையவில்லை. பத்து நாளாக அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தாதி சொன்னதாகச் சொன்னாள். கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாராம். பசியில்லையா, வயிற்றில் நோவா, ருசியில்லையா என்று எல்லாம் கேட்டுவிட்டாளாம்.

“எல்லாத்துக்கும் நல்லம் எண்டுறா,” என்றாள். அவளுடைய கையில் கார்ச் சாவி இருந்தது. கண் தாயின் மடியில் இருந்த கோட்டில் இருந்தது. அந்த வெயிலில், கம்பளிக் கோட்டு.

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். லான் அக்கா என்னைக் கண்டு தலையை மட்டும் அசைத்தார். மெலிந்துபோயிருந்தார். எனக்குக் கதை சொல்லி வராது; கேட்டுத்தான் பழக்கம். ஆனாலும் தொடங்கினேன்.

“ஒரு ஆள் இருக்கு,” என்றேன் பிரெஞ்சில். “ஆளின்ரை மனுசன் செத்துப்போகுது. பக்கத்து வீட்டு ஆள் வருகுது.”

லான் அக்காவின் கண் என் பக்கம் வந்தது.

“பக்கத்து வீட்டு ஆள் கேக்குது, சாப்பிட்டாச்சோ? ஆள் சொல்லுது, பசியில்லை.”

இது யாருடைய கதை என்று சில்வி கேட்க வாயெடுத்தாள். நான் கையைக் காட்டினேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

“ம்,” என்றார் லான் அக்கா. மிகச் சிறிய ம். மூக்கால் வந்தது.

“பக்கத்து வீட்டு ஆள் சொல்லுது, பசியோ எண்டு நான் கேக்கேல்லை. சாப்பிட்டாச்சோ எண்டுதான் கேட்டனான். ஆள் சொல்லுது, சாப்பிடேல்லை.”

அங்கே நிறுத்தினேன். வெளியே யாரோ வண்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தாழ்வாரத்தின் முடிவு வரை போய் ஓய்ந்தது.

“பேங்து?” என்றார் அவர்.

“நீங்கள் சொல்லுங்கோ அக்கா. உங்கடை கதைதானே.”

அவர் கஞ்சிப் போத்தலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவளுடைய கையில் இருந்த சாவியைப் பார்த்தார். “இல் டி,” என்றார். ஆள் சொல்லுது. பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “அப்ப. நான். இதிலை இருக்கிறன்.”

நான் கரண்டியைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். இன்னொன்று. சில்வி அப்படியே நின்றாள். நாலைந்து வாய்க்குப் பிறகு கரண்டியை வைத்துவிட்டு, கோட்டைத் தடவிக்கொண்டே, நான் கேட்காமலே, லான் அக்கா சொன்னார்:

“ஒரு ஆள் இருக்கு.”

அந்த அறைக்கு அவர் வந்த பிறகு முதல்தரம்.

“ஆளுக்கு ஒரு பிள்ளை. பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வருகுது. அம்மா, நான் முதலாவது எண்டு சொல்லுது. ஆளுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. ஆளின்ரை தாய் ஒரு நாளும் ஆளைக் கெட்டிக்காரி எண்டு சொன்னதில்லை. அந்தச் சொல்லு ஆளின்ரை வாயிலை இல்லை. பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது. ஆள் பிள்ளைக்குச் சொல்லுது…”

சில்வி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ம்,” என்றேன். “பேந்து?”

அவருடைய தலை மெல்லச் சாய்ந்தது. பயந்து எழும்பினேன். நித்திரைதான். சாப்பிட்ட களைப்பு, மூச்சு ஒழுங்காக வந்தது. சில்வி தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது இன்னும் திறந்துகொள்ளும் என்பதுபோல.

“என்ன சொன்னவ எனக்கு?” என்று என்னிடம் கேட்டாள். “உங்களுக்குத் தெரியுமோ? இந்தக் கதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறாவோ?”

“இல்லைப் பிள்ளை. இது எனக்குச் சொன்னதில்லை.”

“எழும்பினா ஞாபகம் இருக்குமோ?”

எனக்கு அதுவும் தெரியாது. எழும்பி, புதினமில்லை என்று சொன்னாலும் சொல்வார். நேரம் போய்விட்டதே, வேலைக்குப் போகவேணுமல்லோ என்றேன்.

சில்வி சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். சுவரோரம் கிடந்த மற்றக் கதிரையைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து, தாயின் முழங்காலுக்கு நேரே வைத்து, அதில் இருந்துகொண்டாள். அவளுடைய பிரெஞ்சு பிறந்த ஊர்ப் பிரெஞ்சு, ஓடும் தண்ணீர் மாதிரி வரும். அன்றைக்கு அதை விட்டுவிட்டு, என்னுடைய நொண்டிப் பிரெஞ்சில் சொன்னாள்.

“இஸ்துவார் பா ஃபினி.”